வாங்கிய காடும் வழங்கிய காடும்



பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்து கிடந்த முல்லைக் கொடியைக் கண்டு, தான் ஏறி வந்த தேரையே அதற்கு ஈந்துவிட்டு நடந்து சென்றான் வள்ளல் பாரி என்பதை நீங்கள் சிறு வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அந்தக் கதையில் பாரிக்கு ஒரு வசதி இருந்தது. முல்லைக் கொடி அவனை நோக்கி, "நீ யார்? இதை எனக்கு ஏன் கொடுக்கிறாய்? இதனால் உனக்கு என்ன ஆதாயம்?" என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. கொடுத்தவுடன் கொடை முடிந்துவிட்டது.

நம் காலத்தில் வாழ்ந்த ஒருவர், காட்டு மரங்களுக்காகவும் மான்களுக்காகவும் தம் பெருஞ்செல்வத்தை ஈய முன்வந்தார். அவரை நோக்கி ஒரு நாடே அந்த மூன்று கேள்விகளையும் கேட்டது. அவற்றுக்கு முழு விடை கிடைக்க 27 ஆண்டுகள் ஆயின. விடை கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. அவருடைய வரலாற்றையே இன்று நாம் எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

அவர் பெயர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ். 1943-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒகாயோ மாநிலத்தில் பிறந்தார். பள்ளியிறுதி வகுப்பை முடிக்குமுன்பே பள்ளியினின்றும் வெளியேற்றப்பட்டவர். கல்லூரி வாயிலை மிதியாதவர். தலைமையாசிரியனாக இருந்த ஒருவன் இதைச் சொல்லும்போது உங்களுள் சிலர் உள்ளூர மகிழக்கூடும்! அவசரப்பட வேண்டா. பள்ளியை விட்டாரேயன்றிப் படிப்பதை அவர் விடவில்லை. அவருடைய வாழ்க்கையைத் திருப்பியதே நூல்கள்தாம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இளமையில் அவர் உள்ளத்தை ஈர்த்தவை பாறை ஏறுதலும் பனிச்சறுக்கும். 1964-ஆம் ஆண்டு, மலை ஏறுவோர்க்கு வேண்டிய கருவிகளையும் ஆடைகளையும் விற்கும் 'நார்த் பேஸ்' என்ற நிறுவனத்தைச் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கினார். இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெயர் அது. ஆனால் அவரோ சில ஆண்டுகளிலேயே அதனை விற்றுவிட்டு, 1968-ல் நண்பர்களோடு ஒரு பழைய வண்டியில் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டுத் தென் அமெரிக்காவின் தென்கோடியை நோக்கிப் பயணமானார். மாதக் கணக்கில் நீண்ட அப்பயணத்தின் முடிவில், பாடகோனியா என்னும் பகுதியில் உள்ள பிட்ஸ்ராய் என்ற செங்குத்தான சிகரத்தில் புதியதொரு வழியில் ஏறி வென்றனர். பனியைக் குடைந்து குகை செய்து, புயல் ஓயும்வரை அதனுள் நாள்கணக்கில் அடங்கிக் கிடந்தனர். அந்த மலையும் காற்றும் அவர் நெஞ்சில் அன்றே பதிந்துவிட்டன.

ஏறத்தாழ அதே காலத்தில், அவருடைய மனைவியார் சூசி என்பார் தம் தோழியுடன் சேர்ந்து பெண்களுக்கான ஆடைகளைத் தைத்து விற்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சியே 'எஸ்பிரி' என்ற பெருநிறுவனமாக வளர்ந்தது. 1980-களில் அதன் ஆடைகள் பல நாடுகளின் கடைகளில் விற்பனையாயின. செல்வம் பெருகியது. ஆனால் செல்வம் பெருகப் பெருக டாம்ப்கின்ஸின் உள்ளத்தில் ஓர் ஐயமும் வளர்ந்து வந்தது.

அந்த ஐயம் யாது? ஆடை என்பது உடலை மறைக்கவும் குளிரைத் தடுக்கவும் வேண்டுவது. ஆனால், நாகரிக ஆடை வாணிகம் அந்தத் தேவையைக் கொண்டு நடப்பதன்று. சென்ற ஆண்டு வாங்கிய நல்ல சட்டையை இந்த ஆண்டு அணிவதற்கு நாணும்படி செய்வதே அதன் வித்தை. வேண்டாத பொருளை வேண்டுவதாக எண்ணச் செய்து, அதற்காகப் பருத்தி நிலமும் ஆற்று நீரும் எண்ணெயும் செலவிடப்படுகின்றன என்று அவர் உணர்ந்தார். நார்வே நாட்டு மெய்யியலறிஞர் ஆர்னே நேஸ் முதலியோர், மனிதனுக்குப் பயன்படுவது என்பதற்காக மட்டுமன்றி, ஒவ்வோர் உயிரும் தன்னளவிலேயே மதிப்புடையது என்று எழுதியவற்றை அவர் ஆழ்ந்து படித்தார். மணவாழ்வும் முறிந்த நிலையில், 1990-ஆம் ஆண்டை ஒட்டித் தம் பங்கை விற்று வெளியேறினார். அதே ஆண்டில் அக்கருத்துகளைப் பரப்ப ஓர் அறநிலையத்தையும் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 47.

இங்கே நாம் தென் அமெரிக்க நிலப்படத்தைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் சிலி என்ற பெயரைச் சொன்னவுடன் வகுப்பில் சிரிப்பு எழும். மிளகாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைப் போன்று ஒலிப்பதே காரணம். உருவத்திலும் அந்நாடு மிளகாயைப் போன்றதே என்று நான் சொல்வதுண்டு. வடக்குத் தெற்காக அதன் நீளம் ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். கிழக்கு மேற்காகச் சராசரி அகலமோ 200 கிலோமீட்டர்கூட இல்லை. ஒருபுறம் பசிபிக் மாகடல். மறுபுறம் ஆண்டிஸ் மலைத்தொடர். மலைக்கு அப்பால் அர்ஜென்டினா. இந்த நில அமைப்பை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். நாம் காணப்போகும் பூசலுக்கு இதுவே வேர்.

1991-ஆம் ஆண்டு, சிலியின் தென்பகுதியில், மலைகளின் இடையே கடல்நீர் புகுந்து நிற்கும் ரெனிகுவே என்னும் இடத்தில் ஒரு பண்ணையை டாம்ப்கின்ஸ் வாங்கி, அங்கேயே குடியேறினார். சுற்றிலும் மழைக்காடு. அக்காட்டில் அலெர்சே என்னும் மரம் உண்டு. மிக மெல்ல வளர்வது. மிக நெடுங்காலம் வாழ்வது. வெட்டப்பட்ட ஓர் அலெர்சே மரத்தின் வளையங்களை அறிஞர்கள் எண்ணிப் பார்த்து, அதன் வயது 3,600 ஆண்டுகளுக்கு மேல் என்று 1993-ல் வெளியிட்டனர். சங்கப் புலவர்கள் பாடிய நாளில் அந்த மரம் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த முதுமரமாக நின்றிருக்கும்! அதன் மரம் எளிதில் மக்காது; ஆதலின் கூரை ஓட்டுக்கும் படகுக்குமாகத் தலைமுறை தலைமுறையாக வெட்டினர். 1976-ல் சட்டம் அதனைக் காத்தது. ஆயினும் சுற்றியுள்ள காடு விற்பனைக்கு இருந்தது.

டாம்ப்கின்ஸ் அடுத்தடுத்து நிலங்களை வாங்கினார். பெரும்பாலும் தொலைவில் வாழ்ந்த உடைமையாளரிடமிருந்தே அவற்றைப் பெற்றார். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 7 லட்சம் ஏக்கர் காடு அவருடைய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அதற்குப் 'புமாலின்' என்று பெயரிட்டு, எவரும் கட்டணமின்றி வந்து காணும் பூங்காவாக்க முனைந்தார். 1993-ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்டின் என்ற அம்மையார் அவரை மணந்து அப்பணியில் இணைந்தார். பாடகோனியா என்ற பெயரையே தாங்கிய அமெரிக்க ஆடை நிறுவனம் ஒன்றின் தலைமை நிர்வாகியாக இருந்து, அப்பதவியைத் துறந்து வந்தவர் அவர்.

நல்ல காரியந்தானே, நாடு மகிழ்ந்திருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். நடந்தது அதற்கு நேர்மாறு. அவர் வாங்கிய நிலம் கடற்கரையில் தொடங்கி அர்ஜென்டினா எல்லைவரை நீண்டது. நான் முன்னர்ச் சொன்ன நிலப்படத்தை எண்ணுங்கள். ஒடுங்கிய நாட்டில் ஓர் அயல்நாட்டார் கடல் முதல் எல்லைவரை நிலத்தை வாங்கினால், நாடு இரண்டாக அறுபட்டது போலன்றோ தோன்றும்? "இவர் ஒற்றர், இங்கே தனியரசு அமைக்கப் போகிறார், அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்" என்றெல்லாம் வதந்திகள் பரவின. அரசியல் தலைவர்களும் படைத்துறையினரும் ஐயுற்றனர். தெற்கே போகும் சாலைக்கு இவர் தடையாவார் என்றனர். கடலில் சால்மன் மீன் வளர்க்கும் தொழிலை அவர் கண்டித்ததால், அத்தொழிலினரும் பகைத்தனர்.

அம்மக்களை அறியாதவர் என்று நாம் இகழ்ந்துவிடக் கூடாது. வரலாறு படிப்போர் செய்யத் தகாத பிழை அது. சிலி 1973 முதல் 1990 வரை படையினரின் ஆட்சியில் இருந்த நாடு. 1978-ல் எல்லைத் தகராறு காரணமாக அர்ஜென்டினாவோடு போர் மூளும் நிலைவரை சென்ற நாடு. அயல்நாட்டுச் செல்வர்கள் சுரங்கமும் நிலமும் வாங்கியது அங்குப் பழைய கதை. ஆனால், எடுத்துச் செல்வதற்கே அவர்கள் வாங்கினர். வாங்கி, ஒன்றும் எடுக்காமல், சும்மா விட்டுவைக்கப் போவதாகச் சொன்ன செல்வரை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. காணாததை நம்பாமை மனித இயல்பு.

டாம்ப்கின்ஸின் மீதும் குறை உண்டு. அவர் முதலில் வாங்கினார், பின்னரே விளக்கினார். ஊராரைக் கூட்டி, "இதுவே என் எண்ணம், உங்கள் கருத்து யாது?" என்று கேட்பதை விடுத்து, நோக்கம் தூயதாயின் அது தானே விளங்கும் என்று கருதியவர் போல் நடந்துகொண்டார். அங்கே பத்திரமின்றிப் பயிரிட்டு வாழ்ந்த குடியானவர்கள் சிலர், தம்மை வெளியேற்றப் பார்க்கின்றனர் என்று முறையிட்டதும் உண்டு. பணம் நிலத்தை வாங்கும், நம்பிக்கையை வாங்காது. இப்பாடத்தை அவர் பெருவிலை கொடுத்தே கற்றார். புமாலினின் இரு பகுதிகளுக்கு நடுவே ஊய்னாய் என்ற பெருநிலம் கிடந்தது. அதனை அவர் வாங்க முயன்றபோது அரசு குறுக்கே நின்றது. முடிவில், மின்சார நிறுவனமொன்றும் அந்நிலத்துக்கு உரிய பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த அறநிலையத்துக்கு அது சென்றது. பூங்கா இரண்டு துண்டாகவே நின்றது. நாட்டைத் துண்டாக்குகிறார் என்று பழிக்கப்பட்டவரின் காடே துண்டாகக் கிடந்தது!

1997-ல் அரசும் அவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அதற்குப் பின்னர் அவர் செய்தவை மெல்ல மெல்ல மக்களின் ஐயத்தைக் கரைத்தன. அவர் செய்தது என்ன? வாங்கியதைக் கொடுக்கத் தொடங்கினார். அர்ஜென்டினாவின் கடற்கரையில், பெங்குவின் பறவைகள் வாழும் மோன்டே லியோன் என்னுமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஏக்கர் பண்ணை வாங்கி வழங்கப்பட, அது 2004-ல் அந்நாட்டின் தேசியப் பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, சிலியில் அவரும் ஒரு நண்பரும் அளித்த நிலத்தோடு அரசு தன் நிலத்தையும் சேர்க்கக் கொர்கொவாடோ தேசியப் பூங்கா பிறந்தது. அதே 2005-ல் குடியரசுத் தலைவர் ரிக்கார்தோ லாகோஸின் அரசு புமாலினை இயற்கைப் புகலிடமாக அறிவித்தது. நிலம் அறக்கட்டளையினுடையதே, காவலோ இப்போது சட்டத்தினுடையது.

இதற்கிடையே, 2004-ல் கிறிஸ்டின் அம்மையாரின் அறநிலையம் சாக்கபூக்கோ என்ற பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,70,000 ஏக்கர் பரப்புள்ள ஆட்டுப் பண்ணையை வாங்கியது. ஒரு நூற்றாண்டாக ஆயிரக்கணக்கான செம்மறிகள் மேய்ந்து புல்வேர் தேய்ந்த நிலம் அது. ஆடுகள் விற்கப்பட்டன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு நின்ற கம்பிவேலிகளைத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் கையாலேயே பிடுங்கி எடுத்தனர். வேலி நீங்கியதும், ஒட்டக இனத்தைச் சார்ந்த குவானாக்கோ என்னும் விலங்கு மந்தை மந்தையாகத் திரும்பி வந்தது. சிலியின் அரசுச் சின்னத்தில் இடம்பெற்றும் நாட்டில் அருகிப்போன வெமுல் என்ற மானுக்கும் அப்பள்ளத்தாக்கு புகலிடமாயிற்று.

ஆனால் இந்தக் காட்சிக்கு மறுபக்கமும் உண்டு. அருகில் உள்ள காக்ரேன் என்ற சிற்றூரின் மக்கள் ஆடு மேய்த்தும் குதிரை பழக்கியும் வாழ்ந்தவர்கள். ஆடு போனால் எங்கள் வாழ்வு என்னாவது என்று அவர்கள் கேட்டனர். இடையர்களுள் சிலர் பூங்காக் காவலராயினர். நேற்றுவரை ஆட்டைக் காக்கக் காட்டுப்பூனை இனத்ததாகிய பூமாவை வேட்டையாடியவர், இன்று அந்தப் பூமாவையே காத்தனர். இருப்பினும், ஒரு வாழ்க்கை முறை அங்கே மறைந்தது என்பதை மறுக்க முடியாது. காட்டைக் காப்பதில் எவருக்கும் இழப்பே இல்லை என்று சொல்வோர் உண்மையை முழுதும் சொல்லாதவர் ஆவர். அந்த இழப்பை ஈடு செய்வது பூங்கா அமைப்போரின் கடன்.

அதே வட்டாரத்தில் ஓடும் பேக்கர், பாஸ்குவா என்ற ஆறுகளில் ஐந்து அணைகள் கட்டி, அங்கிருந்து வடக்கே நெடுந்தொலைவு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் திட்டமொன்று எழுந்தது. 2011-ல் அதற்கு முதல் ஒப்புதல் கிடைத்தபோது, தலைநகர் சாந்தியாகோவில் பல்லாயிரவர் தெருவில் இறங்கி எதிர்த்தனர். அவ்வியக்கத்துக்கு டாம்ப்கின்ஸ் பொருளுதவி செய்தார். 2014-ல் அரசு அத்திட்டத்தைத் தள்ளுபடி செய்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அயலான் என்று அவரைச் சந்தேகித்த நாட்டின் இளைஞரும் அவரும் இப்போது ஒரே அணியில் நின்றனர் என்பதே இதில் நாம் கருதத் தக்கது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள். 1968-ல் உடன் பயணம் செய்த பழைய தோழர் ஒருவர் உள்ளிட்ட நண்பர்களோடு, ஜெனரல் கரேரா என்னும் மலை ஏரியில் டாம்ப்கின்ஸ் சிறு துடுப்புப் படகில் சென்றார். பெருங்காற்று எழுந்தது, அலை படகைக் கவிழ்த்தது. பனிபோல் குளிர்ந்த நீரில் நெடுநேரம் கிடந்தவரை மீட்டு, வான்வழியே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உடல் வெப்பம் வற்றி, அன்றே உயிர் நீத்தார். வயது 72. வேலி பிடுங்கிய அதே சாக்கபூக்கோ பள்ளத்தாக்கில் அவரை அடக்கம் செய்தனர்.

செல்வர் இறந்தால் சொத்து என்னாகும் என்பதே உலகம் கேட்கும் கேள்வி. அவரை ஐயுற்றோர்க்கு இறுதி விடையும் இங்கேதான் இருந்தது. கிறிஸ்டின் அம்மையார் பின்வாங்கவில்லை. 2017 மார்ச்சில் அவரும் குடியரசுத் தலைவர் மிச்சேல் பாச்லெட்டும் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் நிலத்தை அம்மையாரின் அறநிலையம் சிலி நாட்டுக்கு இனாமாக அளிக்கும்; அதற்கு ஈடாக அரசு தன் நிலங்களையும் சேர்த்துத் தேசியப் பூங்காக்களை விரிவாக்கும். அவ்வாறு பாதுகாப்புப் பெறும் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர். 2018 ஜனவரியில் பாடகோனியா தேசியப் பூங்காவும் புமாலின் தேசியப் பூங்காவும் அரசாணையால் அமைந்தன. பின்னதற்கு நாடே இட்ட பெயர், 'புமாலின் டக்ளஸ் டாம்ப்கின்ஸ் தேசியப் பூங்கா' என்பது. ஒற்றர் என்று தூற்றிய நாடு, தன் காட்டுக்கு அவர் பெயரையே சூட்டியது.

அவர் தொடங்கிய பணி மற்றொரு திசையிலும் தொடர்ந்தது. அர்ஜென்டினாவின் இபெரா சதுப்பு நிலத்தில் அவர்கள் வாங்கி வழங்கிய நிலமும் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே மறைந்துபோன எறும்புதின்னி முதலிய விலங்குகளைத் திரும்பக் கொண்டுவந்தனர். பல பத்தாண்டுகளாக அடிச்சுவடே காணப்படாத ஜாகுவார் என்னும் பெரும்பூனையும் 2021-ஆம் ஆண்டு தன் குட்டிகளோடு அந்நிலத்தில் விடப்பட்டது.

மாணவர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? செல்வர் நல்லவர், ஐயுற்ற மக்கள் தீயவர் என்பதன்று. மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது: "இந்த நிலம் யாருக்கு?" என்பதே அது. அதற்குச் சொல்லால் விடை கூற இயலவில்லை. உடைமைப் பத்திரத்தை மக்களின் கையில் கொடுத்த அன்றுதான் விடை முற்றுப்பெற்றது. செல்வர் தம் செல்வத்துக்கு உடைமையாளர் அல்லர், தருமகர்த்தரே என்று காந்தியடிகள் கூறினார். தருமகர்த்தரின் நேர்மை, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் முழுதும் தெரியும். ஒரு தனி மனிதரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கும் காடு, அவர் ஆயுள்வரைதான் காடு. அவர்க்குப் பின் வாரிசின் மனம்போல் அது மாறலாம். ஒரு நாட்டின் சட்டத்திலும் அதன் மக்களின் மனத்திலும் இடம்பெற்ற காடே நிலைக்கும்.

பாரியின் முல்லை கேள்வி கேளாமல் தேரைப் பற்றிக்கொண்டது. மக்களோ முல்லைக் கொடி அல்லர். அவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கேட்டவரைச் சினவாமல், கொடுத்தே விடை சொன்னதனால்தான் டாம்ப்கின்ஸ் தம்பதியரின் கொடை கொடையாயிற்று. நாளை உங்களுள் எவரேனும் பெருஞ்செல்வம் ஈட்டலாம். எவரேனும் ஓர் ஊரின் சார்பில் அத்தகைய கொடையை ஏற்கும் பொறுப்பிலும் இருக்கலாம். முன்னவர், கொடுக்குமுன் ஊராரைக் கேளுங்கள். பின்னவர், ஏற்குமுன் துணிந்து கேள்வி கேளுங்கள். அங்கே தெற்கே, மூவாயிரம் ஆண்டு வாழ வல்ல அலெர்சே மரத்துக்கு இந்த 27 ஆண்டுப் பூசல் ஒரு விரல் அகலமும் இராத சில வளையங்களே.